நிறம் எழுதிய வரலாறு

பாலோடு நீரைக் கலந்து வைத்தால் நீரை ஒதுக்கிப் பாலை மட்டும் பருகும் அன்னத்தை நம் புலவர்கள் நெடுங்காலமாகப் போற்றி வந்துள்ளனர். நல்லதையும் அல்லதையும் பிரித்தறியும் அறிவுக்கு அப்பறவை உவமையாயிற்று. நன்னூல் செய்த பவணந்தியாரும் முதல் மாணாக்கருக்கு உவமை கூற வந்தபோது அன்னத்தையும் பசுவையுமே எடுத்துக்கொண்டார். பறவைநூல் வல்லாரைக் கேட்டால் அப்படிப் பிரிக்கும் பறவை உலகில் இல்லை என்பர். ஆயினும் அந்த உவமையைப் படைத்த ஆசை பொய்யன்று. கலந்து கிடப்பதைக் கெடுக்காமல் பிரித்து, ஒவ்வொன்றையும் அதுவதுவாகக் காண வேண்டும் என்னும் ஆசையே வேதியியலின் பாதி வரலாறு எனலாம்.

ஓர் இலையைப் பார்க்கிறோம், பச்சை என்கிறோம். முட்டையை உடைக்கிறோம், மஞ்சள் என்கிறோம். காற்றை முகர்ந்து தூயது என்கிறோம். இவை யாவும் கலவைகள். கலவையில் ஒரு பொருள் மற்றொரு பொருளை மறைத்து நிற்கிறது. பிரித்தால் அல்லாமல் அதனுள் எத்தனை பொருள்கள் உள்ளன என்பதே தெரியாது. எண்ணிக்கை தெரியாதபோது எது எவ்வளவு என்று கண்டறிவது எங்ஙனம்? இவ்விரு வேலைகளையும், அதாவது பிரித்தலையும் கண்டறிதலையும், மூலக்கூறு அளவில் செய்வதற்கு இன்று உலகெங்கும் ஆய்வகங்களில் கையாளப்படும் முதன்மையான முறை குரோமட்டோகிராபி என்பதாகும். நம் பாடநூல்கள் இதற்குப் பல பெயர்கள் இட்டுள்ளன. நிறம், எழுதுதல் என்னும் பொருளுடைய இரண்டு கிரேக்கச் சொற்களால் ஆனது மூலச்சொல் ஆகலின், இக்கட்டுரையில் நிறவரைவியல் என்றே வழங்குகிறேன்.

இலக்கிய வட்டத்தின் மலரில் வேதியியலுக்கு என்ன இடம் என்று அன்பர்கள் வினவலாம். இம்முறை முதன்முதலாக அறிவிக்கப்பட்டது பேரவை எதிலும் அன்று. ஒரு நகரத்துச் சிறு சங்கத்தின் கூட்டத்தில்தான். அது காப்பாற்றப்பட்டதும் அச்சங்கம் வெளியிட்டது போன்ற தொகுதிகளாலும், அச்சேறாத ஒரு மொழிபெயர்ப்பாலுமே. பத்தாண்டுகளாகக் கூடிப் படித்து வரும் நமக்கு அவ்வரலாற்றில் கருதத்தக்கது ஒன்று உண்டு என்பதனாலேயே இதனை எழுதத் துணிந்தேன்.

மையொற்றுத் தாளில் வளர்ந்த ஓவியங்கள்

எந்தக் கண்டுபிடிப்புக்கும் ஒரு முன்னோன் உண்டு. இங்கே அவர் ஜெர்மானிய வேதியியலார் பிரீட்லீப் பெர்டினாண்ட் ருங்கே. கவிஞர்களுக்கும் இவரை அறிமுகப்படுத்தலாம்; ஏனெனில் 1819இல் ஜேனா நகரில் மகாகவி கதேயின் முன்னிலையில் இவர் ஒரு சோதனை செய்து காட்டினார். ஒரு பூனையின் கண்ணில் பெல்லடோனாச் செடியின் சாற்றைவிட, அதன் பாவை விரிந்தது. வியந்த கதே, தம்மிடமிருந்த காப்பிக் கொட்டைகளை அந்த இளைஞரிடம் கொடுத்து, இவற்றையும் ஆராய்க என்றார். அக்கொட்டைகளிலிருந்து காபீன் என்னும் பொருளைப் பிரித்தெடுத்த பெருமை ருங்கேக்கு உரியதாயிற்று. பின்னர் நிலக்கரித் தாரிலிருந்து அனிலீனைப் பிரித்தவர்களுள் ஒருவராகவும் அவர் அறியப்படுகிறார்.

முதுமையை நெருங்கிய நாளில் அவர் மனம் வேறொன்றில் ஈடுபட்டது. மையொற்றுத் தாளின்மேல் ஓர் உப்புக் கரைசலைச் சொட்டுவார். அது ஊறியபின் அதன்மேல் மற்றொரு கரைசலைச் சொட்டுவார். துளி பரவப் பரவ, வளையம் வளையமாக, இதழ் இதழாக நிறங்கள் தாமே விரிந்து பூவைப் போலவும் இறகைப் போலவும் உருவெடுத்தன. இவற்றைக் கொண்டு 1850இல் ஒரு நூலும், 1855இல் 'பொருள்களின் உருவாகும் வேட்கை' எனப் பொருள்படும் மற்றொரு நூலும் வெளியிட்டார். அந்தப் படங்களை அச்சில் வார்க்க இயலாது. ஆதலின் ஒவ்வொரு படிக்கும் தனித்தனியே துளிகளைச் சொட்டிப் படம் வளர்த்து ஒட்ட வேண்டியிருந்தது. உயிரற்ற பொருளுக்கும் உருக்கொள்ளும் ஆர்வம் உண்டு என்பது அவர் நம்பிக்கை.

துளியில் கலந்திருந்த பொருள்கள் தாளின் நுண்புழைகள் வழியே வெவ்வேறு விரைவில் நகர்ந்தமையே அந்த வளையங்களுக்குக் காரணம். ருங்கே அதில் அழகைக் கண்டார். அதனைப் பகுப்பாய்வுக் கருவியாக வளர்த்தெடுக்கவில்லை. 1861 முதல் ஷோன்பைனும் அவர் மாணவர் கோப்பெல்ஸ்ரோடரும் சாயங்கள் தாளில் எவ்வளவு உயரம் ஏறுகின்றன என்று ஆராய்ந்தனர். ஆயினும் கலவையை முழுமையாகப் பிரித்தெடுக்கும் வழி இன்னும் திறக்கவில்லை.

வார்சாவில் ஒரு சொற்பொழிவு

மிகயில் செமியோனவிச் ஸ்வெத் 1872ஆம் ஆண்டு மே 14ஆம் நாள் இத்தாலியில் ஆஸ்தி என்னும் ஊரில் பிறந்தார். தந்தை ருஷ்யர், தாய் இத்தாலியர். தாய் மகப்பேற்றை அடுத்து இறந்துவிட, குழந்தை சுவிட்சர்லாந்தில் வளர்ந்தது. ஜெனீவாப் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் பயின்று 1896இல் முனைவர் பட்டம் பெற்ற ஸ்வெத், அவ்வாண்டே தந்தையின் நாட்டுக்குச் சென்றார். அங்கே அயல்நாட்டுப் பட்டம் செல்லாது என்றனர். மீண்டும் மாணவராகி, 1901இல் கஸான் பல்கலைக்கழகத்தில் ருஷ்யப் பட்டம் பெற்றார். பிறகு, அக்காலத்தில் ருஷ்யப் பேரரசின் ஆட்சியிலிருந்த வார்சா நகரில் பல்கலைக்கழகப் பணி கிடைத்தது.

அவரைப் பிடித்துக்கொண்ட வினா எளியது. இலையின் நிறப்பொருள்களைத் தனியே எடுத்துவைத்தால் அவை பெட்ரோலிய ஈதரில் நன்கு கரைகின்றன. ஆனால் இலையை அப்படியே அந்த ஈதரில் இட்டால் பச்சையம் வெளிவருவதில்லை. சிறிது ஆல்கஹால் சேர்த்தால் உடனே வருகிறது. ஏன்? கரையும் பொருளைக் கரைய விடாமல் இலையின் திசு பற்றிக்கொண்டிருக்க வேண்டும் என்று ஸ்வெத் கருதினார். பொருளின் பரப்பு மூலக்கூறுகளைப் பற்றிக்கொள்ளும் இவ்வியல்பைப் பரப்புக்கவர்ச்சி என்பர். வடிதாளில் நிறப்பொருளை ஊறவைத்துச் சோதித்தார். தாளும் இலையைப் போலவே பற்றிக்கொண்டது. அப்படியானால் எந்தப் பொருள் எதனை எவ்வளவு வலிமையாகப் பற்றுகிறது? நூற்றுக்கும் மேற்பட்ட தூள்களை ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்த்தார்.

1903ஆம் ஆண்டு மார்ச் 21ஆம் நாள், வார்சா இயற்கை அறிவியலார் சங்கத்தின் கூட்டத்தில் அவர் தம் முறையை விளக்கினார். பரப்புக்கவர்ச்சியின் ஒரு புதிய வகையைப் பற்றியும் உயிர்வேதியியல் பகுப்பாய்வில் அதன் பயனைப் பற்றியும் அமைந்தது அச்சொற்பொழிவு. சங்கத்தின் நடவடிக்கைத் தொகுதியில் அது 1905இல் அச்சாயிற்று. 1906இல் ஜெர்மானியத் தாவரவியல் சங்கத்தின் இதழில் இரண்டு கட்டுரைகள் எழுதி, குரோமட்டோகிராபி என்னும் பெயரையும் இட்டார்.

செய்முறையைக் கேட்பவர்க்கு அதன் எளிமையே வியப்பளிக்கும். சில மில்லிமீட்டர் அகலமுள்ள சிறு கண்ணாடிக் குழாயில் நன்கு பொடித்த சுண்ணாம்புத் தூளை, அதாவது கால்சியம் கார்பனேட்டை, இறுக நிரப்புகிறார். இலைச்சாற்றை மேலே ஊற்றுகிறார். அது தூளில் ஒரு பச்சை வளையமாகத் தங்குகிறது. அதன்மேல் தூய கரைப்பானை மெல்ல இறங்க விடுகிறார். இப்போது ஒவ்வொரு மூலக்கூறும் இரண்டு இழுப்புகளுக்கு இடையே அகப்படுகிறது. கரைப்பான் அதனைக் கீழே அழைக்கிறது; சுண்ணாம்பு பற்றி நிறுத்துகிறது. பற்று மிக்கது பின்தங்குகிறது; பற்று குறைந்தது முன்செல்கிறது. காரட்டின் என்னும் செம்மஞ்சள் பொருள் பற்று ஏதுமின்றி இறங்கிவிடுகிறது. அதன் பின்னே சாந்தோபில்களின் மஞ்சள் வளையம். அதற்கு மேலே நீலப்பச்சையாக ஒரு பச்சையம். அதற்கும் மேலே மஞ்சட்பச்சையாக மற்றொரு பச்சையம். ஒரே பச்சை என்று கண் கண்டது பல நிறங்களின் கூட்டம் என்பது குழாயில் வரிவரியாக எழுதப்பட்டுவிட்டது. பின்னர் அத்தூண்டத்தைக் குழாயிலிருந்து வெளியே தள்ளிக் கத்தியால் வளையம் வளையமாக வெட்டி, ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியே கரைத்தெடுத்தார். பட்டகம் வெள்ளொளியை நிறங்களாக விரிப்பது போல இக்குழாய் கலவையை விரிக்கிறது என்பது அவரே காட்டிய ஒப்புமை.

இரண்டு குறிப்புகளை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். ருஷ்ய மொழியில் 'ஸ்வெத்' என்னும் சொல்லுக்கு நிறம் என்பது பொருள். நிறத்தின் எழுத்து என்னும் பெயரை ருஷ்யர் ஒருவர் தம் மொழியில் படித்தால் அது ஸ்வெத்தின் எழுத்து என்றும் ஒலிக்கும். மற்றொன்று, நிறமுள்ள பொருள்களுக்கு மட்டுமன்றி நிறமற்ற பொருள்களுக்கும் இதே விதி பொருந்தும் என்று 1906இலேயே அவர் எழுதிவிட்டார். வருங்காலம் முழுவதும் அவ்வொரு வாக்கியத்தில் அடங்கியிருந்தது.

கேளாத செவிகள்

அக்காலத்து வேதியியலார்க்கு ஒரு பொருளைப் பிரித்துவிட்டேன் என்பதற்குச் சான்று படிகம். அதுவும் தராசில் நிறுத்துக் காட்டத்தக்க அளவில் வேண்டும். ஸ்வெத் காட்டியதோ குழாயில் சில வளையங்கள். அவர் தாவரவியலார், வேதியியல் பேசினார். தாவரவியலார்க்கு அவர் வேதியியல் புரியவில்லை. வேதியியலார் தாவரவியல் இதழைப் புரட்டவில்லை, புரட்டியவர்கள் நம்பவில்லை. போலந்து நாட்டு வேதியியலார் மார்ஹ்லெவ்ஸ்கி கடுமையாக எதிர்த்து எழுதினார். 1907இல் பெர்லினில் ஜெர்மானியத் தாவரவியல் சங்கத்தார் முன் ஸ்வெத் நேரில் செய்து காட்டியும் நிலைமை பெரிதும் மாறவில்லை.

அத்துறையில் தலைமை பெற்றிருந்தவர் ரிச்சர்டு வில்ஸ்டேட்டர். இலைகளைப் பெருமளவில் பதப்படுத்திப் பச்சையத்தின் அமைப்பை ஆராய்ந்து 1915இல் நோபல் பரிசு பெற்ற பேரறிஞர். சுண்ணாம்புத் தூள் நிறப்பொருள்களைச் சிதைத்துவிடும் என்பது அவர் தரப்பின் ஐயம். அந்த ஐயம் முற்றிலும் ஆதாரமற்றதன்று. தூளும் கரைப்பானும் தவறாக அமைந்தால் பச்சையம் கெடவே செய்யும். எவற்றைத் தேர்ந்தெடுத்தால் கெடாது என்பதே ஸ்வெத்தின் கைத்திறனாக இருந்தது. அவ்வகைத் திறன் கட்டுரையைப் படித்து எளிதில் வருவதன்று.

1910இல் ஸ்வெத் தம் ஆய்வு முழுவதையும் ருஷ்ய மொழியில் ஒரு பெருநூலாக்கினார். மஞ்சள், செம்மஞ்சள் நிறப்பொருள்களின் குடும்பத்துக்குக் காரட்டினாய்டு என்னும் பெயரை 1911இல் வழங்கியவரும் அவரே. அதற்குள் உலகப் போர் மூண்டது. 1915இல் ஜெர்மானியப் படை வார்சாவைக் கைப்பற்றவே ஆய்வகத்தை விட்டு வெளியேறினார். மாஸ்கோ, பிறகு நீஷ்னி நோவ்கரத். 1917இல் தார்த்து நகரில் பேராசிரியர் பதவி கிடைத்தது. மறு ஆண்டே அந்நகரமும் படையின் வசமாயிற்று. எஞ்சியோருடன் வரோனிஷ் நகருக்குச் சென்றார். 1918இல் நெதர்லாந்து அறிஞர் ஒருவர் நோபல் பரிசுக்கு அவர் பெயரைப் பரிந்துரைத்தார், பரிசு வரவில்லை. 1919ஆம் ஆண்டு ஜூன் 26ஆம் நாள், 47ஆம் வயதில், வரோனிஷில் அவர் காலமானார். தம் முறை உலகை ஆளப்போவதை அவர் காணவில்லை.

அச்சேறாத மொழிபெயர்ப்பு

ஸ்வெத்தின் ருஷ்ய நூலை வில்ஸ்டேட்டர் தம் பயன்பாட்டுக்காக ஜெர்மன் மொழியில் பெயர்த்து வாங்கி வைத்திருந்தார். அது நூலாக அச்சாகவில்லை. தட்டச்சுப் படியாகவே இருந்தது. ஐயுற்றவர்தாம், ஆயினும் மறுப்பதற்கு முன் முழுவதும் படிக்க வேண்டும் என்னும் நேர்மை அவரிடம் இருந்தது. பின்னர் அப்படியைத் தம் மாணவர் ரிச்சர்டு கூன் என்பவருக்குக் கொடுத்தார்.

1930இல் ஹைடெல்பெர்க் நகரில் கூனின் ஆய்வகத்தில் எட்கார் லெடரர் என்னும் வியன்னா இளைஞர் சேர்ந்தார். காரட்டினாய்டுகளைப் பிரிப்பது அவர் வேலை. அமெரிக்க அறிஞர் லீராய் பால்மர் 1922இல் எழுதிய நூலில் ஸ்வெத்தின் முறை விளக்கப்பட்டிருந்ததை லெடரர் படித்தார். பசுவின் வெண்ணெயில் உள்ள மஞ்சள் தீவனத்திலிருந்து வருவது என்று ஆராய்ந்தவர் பால்மர். ஸ்வெத்தைக் கைவிடாத சிலருள் ஒருவர். கூனிடமிருந்த மொழிபெயர்ப்பும் லெடரர் கைக்கு வந்தது. அவர் கண்ணாடிக் குழாயை எடுத்துச் சுண்ணாம்புத் தூளை நிரப்பினார்.

ஆயிரக்கணக்கான முட்டைகளிலிருந்து வில்ஸ்டேட்டர் குழுவினர் முன்பு எடுத்த மஞ்சட்கருவின் நிறப்பொருள் ஒன்றே என்று கருதப்பட்டு வந்தது. குழாயில் அது லூட்டின் என்றும் சீசாந்தின் என்றும் இரண்டாகப் பிரிந்தது. நூறாண்டுகளாக ஒரே பொருள் என நம்பப்பட்ட கேரட்டின் நிறமும் ஆல்பா, பீட்டா என இரண்டாயிற்று. 1931இல் இவை வெளியானதும் ஐரோப்பிய ஆய்வகங்கள் விழித்துக்கொண்டன. சிறுசங்கச் சொற்பொழிவுக்குச் செவி கிடைக்க 28 ஆண்டுகள் ஆயின.

அதன் பின் நிகழ்ந்தவற்றையும் சொல்லிவிட வேண்டும். யூதரான லெடரர் 1933இல் ஜெர்மனியை விட்டு பாரிசுக்குச் சென்றார். பல்கலைக்கழகத்தில் தலைதூக்கிய யூத வெறுப்பைக் கண்டித்து 1924இலேயே பதவி துறந்திருந்த வில்ஸ்டேட்டர், 1939இல் சுவிட்சர்லாந்தில் அடைக்கலம் புகுந்தார். கூன் ஜெர்மனியிலேயே இருந்து அவ்வாட்சிக்கு இணங்கி நடந்தார்; 1938ஆம் ஆண்டின் நோபல் பரிசை ஆட்சியாளர் கட்டளையால் அப்போது அவர் ஏற்க இயலவில்லை. மூலக்கூறுகளைப் பிரிக்கக் கற்ற ஆய்வகத்தில் மனிதர்கள் பிரிக்கப்பட்டனர்.

கம்பளி நகரத்து வடிதாள்

அடுத்த பாய்ச்சல் இங்கிலாந்தில், லீட்ஸ் நகரத்துக் கம்பளித் தொழில் ஆராய்ச்சி நிலையத்தில் நிகழ்ந்தது. கம்பளி ஒரு புரதம்; புரதம் அமினோ அமிலங்களின் தொடர். அவ்வமிலங்கள் ஒன்றையொன்று ஒத்திருப்பதால் பிரிப்பது கடினம், நிறமும் அற்றவை. ஆர்ச்சர் மார்ட்டினும் ரிச்சர்டு சிங்கும் இதில் முனைந்தனர். ஒன்றோடொன்று கலவாத இரு நீர்மங்களுக்கு இடையே ஒரு பொருள் பங்கிட்டுக்கொள்ளும் அளவு பொருளுக்குப் பொருள் மாறுபடும். தொடக்கத்தில் இரு நீர்மங்களையும் எதிரெதிரே ஓடவிட்டுப் பிரிக்க ஒரு பெரிய இயந்திரம் செய்து பார்த்தனர். அதன் தொல்லை தாளவில்லை. பின்பு மார்ட்டினுக்கு ஓர் எண்ணம் தோன்றியது. இரண்டும் ஓட வேண்டுவதில்லை; ஒன்று நிற்க, மற்றொன்று ஓடினால் போதும். சிலிக்காக் கூழ்மத் தூளில் நீரை ஊறவைத்து நிறுத்தி, அதனூடே குளோரோபாரத்தைச் செலுத்தினர். 1941இல் வெளியான இக்கட்டுரை பங்கீட்டு நிறவரைவியலின் பிறப்பு.

1944இல் கான்ஸ்டன், கார்டன், மார்ட்டின் மூவரும் குழாயையும் விட்டொழித்தனர். வெறும் வடிதாளே போதும் என்றாயிற்று. தாளின் இழைகளில் நீர் நிற்கும்; கரைப்பான் ஓடும். தாளின் மூலையில் ஒரு துளி இட்டு, ஒரு கரைப்பானை ஒரு திசையில் ஓடவிட்டு, உலர்த்தி, தாளைத் திருப்பி வேறொரு கரைப்பானை மறுதிசையில் ஓடவிட வேண்டும். பின்பு நின்ஹைட்ரின் தெளித்துச் சூடேற்றினால், ஒன்றுமே இல்லாதது போலிருந்த தாளில் ஊதாப் புள்ளிகள் எழும். நிறமற்ற பொருள்களும் எழுதும் என்ற ஸ்வெத்தின் கூற்று இவ்வாறு மெய்ப்பட்டது. ருங்கே அழகுக்காகத் துளி சொட்டிய அதே வகைத் தாள், ஏறத்தாழ 90 ஆண்டுகளுக்குப் பின் அறிவுக்குக் கருவியாயிற்று.

விலை மிகுந்த கருவி வேண்டாத முறை ஆதலின் இது விரைந்து பரவியது. 1950களின் தொடக்கத்தில் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் கே.வி. கிரி, துளியை நடுவிலிட்டு வட்டமாக விரியவிடும் தாள்முறையை வளர்த்துப் பயன்படுத்தினார். பிரெடரிக் சாங்கர் இன்சுலினின் அமினோ அமில வரிசையைக் கண்டது இத்தாளின் துணையால். எர்வின் சார்காப், மரபுப்பொருளில் அடினீனும் தைமீனும் ஏறத்தாழச் சமம், குவானீனும் சைட்டோசீனும் ஏறத்தாழச் சமம் என 1950இல் காட்டியதும் இதன் துணையால். 1953இல் வந்த இரட்டைச்சுருள் அமைப்புக்கு அது ஒரு தூண். பச்சை இலை கரியமிலவாயுவை எவ்வாறு சர்க்கரையாக்குகிறது என்பதை மெல்வின் கால்வின் குழுவினர் கதிரியக்கக் கார்பனையும் வடிதாளையும் கொண்டு படிப்படியாகக் கண்டனர். இலையிலிருந்து பிறந்த முறை இலையின் மறைபொருளுக்கே விளக்காயிற்று. மார்ட்டினுக்கும் சிங்குக்கும் 1952இல் நோபல் பரிசு வந்தது.

காற்றில் கலந்ததும் தப்பவில்லை

1941ஆம் ஆண்டுக் கட்டுரையில் வேறு இரண்டு குறிப்புகளும் இருந்தன. ஓடும் பொருள் நீர்மமாகவே இருக்க வேண்டும் என்பதில்லை, வாயுவாகவும் இருக்கலாம் என்பது ஒன்று. தூள் மிக நுண்ணியதாகவும் அழுத்தம் மிகுந்தும் இருந்தால் பிரிப்பு மிகக் கூர்மையாகும் என்பது மற்றொன்று. பத்தாண்டுகள் ஒருவரும் முதற்குறிப்பை மேற்கொள்ளவில்லை. இறுதியில் மார்ட்டினே, ஜேம்ஸ் என்பவருடன் சேர்ந்து, லண்டனில் அதனைச் செய்து 1952இல் வாயு நிறவரைவியலை வெளியிட்டார். இரண்டாம் குறிப்பு 1960களில் உயரழுத்த நீர்ம முறையாக மலர்ந்து, இன்று மருந்துகளின் தூய்மையைச் சோதிக்கும் அன்றாடக் கருவியாக விளங்குகிறது. ஸ்வெத் கதை தெரிந்த உலகமும் எழுதப்பட்டதை உடனே படித்துவிடவில்லை.

பிரித்தபின் கண்டறிய வேண்டுமே! குழாயின் முடிவில் வாயுவாக வெளிவரும் அற்ப அளவுப் பொருளை எவ்வாறு காண்பது? மார்ட்டினும் ஜேம்சும் இருந்த அதே நிலையத்தில் ஜேம்ஸ் லவ்லாக் பணியாற்றினார். தம் மாதிரியைப் பகுத்துத் தருமாறு அவர்களிடம் சென்றார். அளவு போதாது, அதிக மாதிரி கொண்டு வாரும், இல்லையேல் இன்னும் கூர்மையான காண்கருவி ஒன்றைச் செய்யும் என்றார்கள். அவர் செய்தே விட்டார். 1957இல் அவர் அமைத்த எலெக்ட்ரான் கவர் காண்கருவியில், கதிரியக்கப் பொருள் ஒன்றால் சிறு மின்னோட்டம் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். குளோரின் போன்ற அணுக்களைக் கொண்ட மூலக்கூறு அதனூடே வந்தால் எலெக்ட்ரான்களைக் கவர்ந்துகொள்ளும், மின்னோட்டம் தாழும். அத்தாழ்வே அம்மூலக்கூறு வந்து சென்றதற்குச் சாட்சி.

உள்ளங்கையில் அடங்கும் இக்கருவி, குளோரின் கொண்ட பூச்சிக்கொல்லிகளின் எச்சத்தை உணவிலும் உடலிலும் நீரிலும் அளக்க வழிவகுத்தது. 1962இல் ரேச்சல் கார்சனின் 'மௌன வசந்தம்' வெளியாகி உலகின் மனச்சான்றை அசைத்த காலம் அது. 1966இல் அண்டார்க்டிகாவின் பென்குயின் உடலிலும் டி.டி.டி. எச்சம் இருப்பது அறிவிக்கப்பட்டது.

1971இல் லவ்லாக் தம் கருவியுடன் ஷாக்கில்டன் என்னும் கப்பலில் பிரிட்டனிலிருந்து அண்டார்க்டிகா வரை சென்றார். குளிர்ப்பெட்டிகளிலும் தெளிப்பான் குப்பிகளிலும் பயன்பட்ட குளோரோபுளோரோகார்பன் நடுக்கடலின் காற்றிலும் இருந்தது. இருந்த அளவு லட்சம் கோடிப் பங்கில் சில பத்துப் பங்குகளே. உலகில் செய்யப்பட்ட அப்பொருள் ஏறத்தாழ முழுவதும் அழியாமல் காற்றிலேயே தங்கியிருக்கிறது என்பதை அவ்வளவீடு உணர்த்தியது. 1973இல் அதனை வெளியிட்டபோது, இதனால் தீங்கு ஏதுமில்லை என்றே லவ்லாக் எழுதினார். பிற்காலத்தில் அதனைத் தம் பிழை என ஒப்புக்கொண்டார். அவர் அளந்த எண்ணைக் கொண்டே சிந்தித்த ரோலண்டும் மொலீனாவும், அப்பொருள் வானின் மேலடுக்கில் சிதைந்து ஓசோனை அழிக்கும் என 1974இல் காட்டினர். 1985இல் அண்டார்க்டிகாவின் மேல் ஓசோன் மெலிந்துபோனது வெளிப்பட்டது. 1987இல் மாண்ட்ரீல் உடன்பாடு ஏற்பட்டு, அப்பொருள்களின் உற்பத்தி படிப்படியாக நிறுத்தப்பட்டது. கண்டவர் பிழையாகப் பொருள் கொண்டார்; ஆனால் கண்டதை உள்ளவாறு எழுதி வைத்தார். எழுதி வைத்ததனால் பிறர் சரியாகப் படிக்க முடிந்தது. லவ்லாக் 2022இல், தம் 103ஆம் பிறந்தநாளன்று மறைந்தார்.

நிறைவாக

வரோனிஷ் நகரத்து மடாலயம் ஒன்றின் கல்லறைத் தோட்டத்தில் ஸ்வெத்துக்கு 1992இல் ஒரு நினைவுக்கல் நாட்டப்பட்டது. மூலக்கூறுகளைப் பிரிப்பதும் மனிதர்களை இணைப்பதுமாகிய நிறவரைவியலைக் கண்டவர் என்னும் கருத்தில் அதில் பொறிக்கப்பட்டிருக்கிறது. இத்தாலியில் பிறந்து, சுவிட்சர்லாந்தில் கற்று, போலந்து மண்ணில் கண்டு, ஜெர்மனிலும் ருஷ்யத்திலும் எழுதியவருக்கு அது பொருத்தமான வாசகமே.

இவ்வரலாற்றில் நான் திரும்பத் திரும்ப நினைப்பது மேதைமையை அன்று. வார்சாச் சங்கத்தார் அன்று கேட்டதை எவ்வளவு உணர்ந்தனரோ, தொகுதியில் அச்சிட்டு வைத்தனர். பால்மர் தம் நூலில் அதனை மறவாமல் சேர்த்தார். வில்ஸ்டேட்டர் தமக்கு உடன்பாடில்லாத நூலையும் பெயர்த்து வாங்கிப் படித்து, மாணவருக்குக் கொடுத்தார். இவற்றுள் ஏதேனும் ஒன்று தவறியிருந்தாலும் அக்குழாய் இன்னும் எத்தனை ஆண்டு மண்ணில் கிடந்திருக்குமோ!

நம் வட்டத்தில் இப்பத்தாண்டுகளில் படிக்கப்பட்ட கட்டுரைகள் பல. பத்துப் பேர் மட்டும் வந்த கூட்டங்களும் உண்டு. அக்கூட்டங்களில் படித்தவருள் சிலர் இன்று நம்மிடையே இல்லை. அவர்கள் கையெழுத்துப் படிகள் எங்கே என்று கேட்டால் விடை சொல்ல நம்மால் இயலவில்லை. அவற்றுள் எது தேறும், எது தேறாது என்று பிரித்தறியும் அன்னம் நாமல்லோம். அது பின்வருவோர் வேலை. அவர்கள் பிரிப்பதற்குப் பொருளைக் காத்து வைப்பதே நம் வேலை. ஆதலின் படிக்கப்படுவன யாவும் இனி ஆண்டுதோறும் அச்சேற வேண்டும். பிறமொழியில் நாம் உடன்படாதவற்றையும் தமிழில் பெயர்த்து வைக்க வேண்டும். பதினோராம் ஆண்டில் அடியெடுத்து வைக்கும் வட்டத்தின்முன் என் வேண்டுகோள் இதுவே.